'மர்மம்'னு போர்டுல எழுதலாமா? அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?

தாண்டிக்குடி காப்பிக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், கொஞ்சம் அவசரமும் கூட. எங்க ஊர்ல காப்பித் தோட்டத்தைத் தாண்டி சரிவுல இறங்குனா கல்லு வீடுக இருக்கு, பலகைக்கல்லை நட்டமா நிறுத்தி மேல ஒரு பெரிய கல்லை மூடி மாதிரி வச்சிருப்பாங்க, ஊர்ல குள்ளர் குகைன்னு சொல்வோம், உள்ள உக்காந்தா எனக்கே தலை இடிக்கும். இப்ப லீவு நாள்ல வர்றவங்க உள்ள உக்காந்து பாட்டில் உடைக்கறாங்க, மூடுகல்லு மேல ஏறி நின்னு போட்டோ எடுக்கறாங்க, ஆணியால பேரு கீறி வைக்கறாங்க, பாக்கவே வயிறு எரியுது. அதான் பசங்க சேந்து காசு போட்டு ஒரு போர்டு வைக்கறோம். தலைப்பு "மர்மக் கல் வீடுகள்". பெயிண்டர் அண்ணன் சாக்பீஸ்ல கோடு போட்டு எழுத்தும் வரைஞ்சுட்டாரு. அதைப் பாத்துட்டு ஒரு பெரியவர் மர்மம் தமிழே இல்ல எடுத்துருங்கன்னாரு. பக்கத்துல நின்னவர் இல்ல இல்ல அது சுத்தத் தமிழ், வர்மத்துலேர்ந்து வந்ததுன்னாரு. ரெண்டு பேரும் டீக்கடையில ஒரு மணி நேரம் சண்டை. பெயிண்டரை நிறுத்தி வச்சிருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொதினிப்பித்தன்:
தம்பி, ரெண்டாவது ஆள் சொன்னதுதான் சரி, தைரியமா எழுதுங்க. எங்க தாத்தா வர்ம ஆசான், தெக்கே குமரிப் பக்கம் போயி கத்துக்கிட்டு வந்தவரு. வர்மம் மொத்தம் 108, அதுல படுவர்மம் 12, தொடுவர்மம் 96. படுவர்மத்துல அடிபட்டா ஆள் விழுந்துருவான். இதை ஆசான் யாருக்கும் லேசுல சொல்லிக் கொடுக்க மாட்டாரு, வருசக்கணக்கா கூட வச்சிருந்து, கோவக்காரனா குடிகாரனான்னு பாத்து, நம்பிக்கை வந்தப்புறந்தான் இடத்தைத் தொட்டுக் காட்டுவாரு. அவ்வளவு மறைவா இருந்த வித்தை. அந்த மறைவுலேர்ந்துதான் மர்மம்னா ரகசியம்ங்கற அர்த்தமே வந்துச்சு. வர்மம், மர்மம், எல்லாம் ஒண்ணுதான். வகரத்துக்கு மகரம் வர்றது நம்ம பேச்சுல சாதாரணம், வானம் பாத்த பூமியை மானம் பாத்த பூமிங்கறோம், விழியை முழிங்கறோம், விஞ்சுறதை மிஞ்சுறதுங்கறோம். இது வடக்கேர்ந்து வந்ததுன்னு சொல்றவங்க எல்லாத்தையும் அப்படித்தான் சொல்வாங்க, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல.

செண்பகனூர் டீச்சர்:
பொதினிப்பித்தன் தம்பி, வ-வும் ம-வும் மாறும்னு நீங்க சொன்னது ரொம்பச் சரி, அதை நான் ஏத்துக்கறேன். ஆனா மாற்றம் எந்தப் பக்கம் போச்சுங்கறதுலதான் நமக்குள்ள வேறுபாடு. 32 வருசம் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கேன், இந்த ஒரு வார்த்தைக்காகப் பசங்க கிட்ட எத்தனையோ தடவை மாட்டியிருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுத்துக்கணும்.

ரிக் வேதத்துல 6ஆம் மண்டலம் 75ஆம் பாட்டு போர்க்கருவிகளைப் பத்தினது. அதுல 18ஆவது செய்யுள்ல சண்டைக்குப் போறவனுக்குக் கவசம் மாட்டி விடறப்ப சொல்றது, "மர்மாணி தே வர்மணா சாதயாமி". அப்படின்னா உன் மர்மங்களை வர்மத்தால மூடறேன். ரெண்டு வார்த்தையும் ஒரே வரியில பக்கத்துல பக்கத்துல நிக்குது பாருங்க. அங்க மர்மம்னா அடிபட்டா உயிர் போற இடம், வர்மம்னா அந்த இடத்தை மூடற கவசம். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன்னு பல்லவ ராசாக்கள் பேர்ல வர்றது இந்தக் கவச வர்மம்தான். சுஸ்ருதர் வைத்திய நூல்ல மர்மம் 107னு கணக்கு சொல்றாரு, உங்க தாத்தா கணக்கு 108, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு நெருக்கம்னு நீங்களே பாருங்க. மலையாளத்துல இன்னைக்கும் வைத்தியத்தை மர்ம சிகிச்சைன்னுதான் சொல்றாங்க. நம்ம தெக்கத்தி ஆசான்கள் வாயில மர்மம் வர்மம் ஆயிருக்கு, நீங்க சொன்ன அதே மகர வகர மாற்றம்தான்.

இதுல இன்னொண்ணு. பழைய தமிழ்ல ர்-க்குப் பின்னாடி இப்படி மகரம் ஒட்டி வர்ற வடசொல்லை அப்படியே விட மாட்டாங்க, நடுவுல ஒரு உகரம் போட்டு நம்ம வாய்க்கு ஆக்கிக்குவாங்க. தர்மம் தருமம் ஆச்சு, கர்மம் கருமம் ஆச்சு. அதே மாதிரி மர்மம் மருமம் ஆச்சு. பழைய செய்யுள்கள்ல மருமம்னா என்ன தெரியுமா? மார்பு. வேல் பாயற இடம். ஆக நம்மகிட்ட வந்தப்ப அது ரகசியமா வரல, உடம்புல ஒரு இடமா வந்துச்சு.

பொதினிப்பித்தன்:
அம்மா, உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா கேக்கறேன். மருமம் மார்பு ஆச்சுன்னா, மார், மார்பு, மருமம்னு ஏன் நம்ம வேர்லேர்ந்தே வந்திருக்கக் கூடாது? எதுக்கெடுத்தாலும் வேதத்துல ஒரு வரி இருக்குன்னு காட்டிட்டா அதோட முடிஞ்சு போச்சா? அது எழுத்துல முன்னாடி இருக்கு, அவ்வளவுதான். நம்மாளுக வாயில எவ்வளவு காலமா இருந்துச்சுன்னு யாரு பாத்தா? மலையில இருக்கறவன் வித்தையை எழுதி வைக்கல, அதுக்காக அது அவனோடது இல்லன்னு ஆயிருமா?

செண்பகனூர் டீச்சர்:
ஆகாது தம்பி. வித்தை யாரோடதுங்கறது வேற, அதுக்கு இருக்கற பேரு எங்கேர்ந்து வந்துச்சுங்கறது வேற. உங்க தாத்தா விரல் நுனியில இருந்த அறிவை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கல. பேரு மட்டும் வெளியேர்ந்து வந்திருக்கலாம்ங்கறேன். மார்பையும் மருமத்தையும் ஒரே வேர்னு கட்டணும்னா அதுக்கு இடையில நிக்கற வடிவங்களைக் காட்டணும், ஓசை ஒத்துப் போறது மட்டும் போதாது. உங்க ஊர்ப்பேரையே எடுத்துக்கங்க காப்பிக்காடு தம்பி, முருகன் அங்கேர்ந்து தாண்டிக் குதிச்சு பழனிக்குப் போனாரு, அதான் தாண்டிக்குதி தாண்டிக்குடி ஆச்சுன்னு சொல்வாங்க. கேக்க அவ்வளவு அழகா இருக்கும், நானும் பசங்களுக்குச் சொல்லியிருக்கேன். ஆனா குடின்னா குடியிருப்பு, அதுக்குக் குதி வேண்டியதில்ல. பழனிக்குப் பழம் நீங்கறதும் அப்படித்தான், அகநானூறு முதல் பாட்டுலயே அந்த ஊரு பொதினின்னு இருக்கு, நீங்க உங்க பேருலயே அதைத்தானே வச்சிருக்கீங்க.

மலைச்செய்தி:
எல்லாருக்கும் வணக்கம். நான் 22 வருசமா இந்த மலையில நிருபரா ஓடிக்கிட்டு இருக்கேன். டீச்சரம்மா சொல்ற வரலாறு எல்லாம் சரியாவே இருக்கட்டும், ஆனா எனக்கு ஒரு கேள்வி. பெருமாள்மலைப் பக்கம் காலையில பட்டியில நாலு ஆடு செத்துக் கிடக்குது, கழுத்துல கடி, கால்தடம் மழையில அழிஞ்சு போச்சு. வனத்துறை இன்னும் வரல, எட்டு மணிக்குள்ள நான் செய்தி கொடுக்கணும். சிறுத்தைன்னு எழுதுனா நாளைக்கு அது செந்நாயா இருந்தா என் மேல பழி. நாயின்னு எழுதுனா ஆட்டுக்காரன் சண்டைக்கு வருவான், ஏன்னா நாய் கடிச்சா வனத்துறை நிவாரணம் தராது. அப்ப "மர்ம விலங்கு" தவிர வேற எந்த வார்த்தை எனக்கு இருக்கு? அது ஒரு நேர்மையான வார்த்தை. எங்களுக்கு இன்னும் தெரியல, விசாரிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு மூணு எழுத்துல சொல்லிருது. வேதத்துல கவசம் மாட்டறப்ப என்ன அர்த்தம் இருந்தா என்ன, இன்னைக்கு பஸ்ல பேப்பர் படிக்கறவன் மர்ம நபர்னா அடையாளம் தெரியாத ஆள்னு புரிஞ்சுக்கறான். வார்த்தைக்கு அர்த்தம் அதைப் புழங்கறவன் கொடுக்கறதுதான். இந்த அர்த்தத்தை உண்டாக்குனது நாமதான், அதனால மர்மம் இப்ப நம்ம வார்த்தைதான்.

செண்பகனூர் டீச்சர்:
நீங்க சொன்ன கடைசி வரியை நான் முழுசா ஒத்துக்கறேன் சார். இந்தியில மர்ம்னா உள்ளக் கரு, நெஞ்சைத் தொடற இடம்; துப்புத் துலங்காததுக்கு அவங்க ரஹஸ்யம்னுதான் சொல்றாங்க. அந்த ரஹஸ்யத்துக்கும் வேர் ரஹஸ், ஆளில்லாத தனியிடம். ஆக மர்ம நபர்ங்கற அர்த்தம் தமிழ்ல வளந்தது. வந்தது அங்கேர்ந்து, வளந்தது இங்க. தொல்காப்பியரே வடசொல்லை எடுத்துக்கலாம், அந்த எழுத்தை விட்டுட்டு நம்ம எழுத்துல எழுதிக்கங்கன்னு சூத்திரம் எழுதி வச்சிருக்காரு, அப்பவே வழி விட்டாச்சு. வடசொல்ங்கறதுக்காகப் போர்டுலேர்ந்து எடுன்னு நான் சொல்லவே மாட்டேன். எனக்கு வேற காரணம் இருக்கு, அதை அப்புறம் சொல்றேன், நைட் ஜெபமாலைக்கு நேரமாச்சு.

பண்ணைக்காடு நர்ஸ்:
டீச்சர் வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிக்கறேன். மலைச்செய்தி அண்ணே, மர்ம விலங்குக்கு நீங்க சொன்னது நியாயம், ஆனா இந்த மர்மக் காய்ச்சல்னு போடறீங்களே அதை மட்டும் என்னால தாங்க முடியல. ஒரு வருசம் மழை முடிஞ்ச பிறகு எங்ககிட்ட ஒரே வாரத்துல காய்ச்சல்காரங்க வரிசையா வந்தாங்க. பேப்பர்ல மர்மக் காய்ச்சல்னு வந்துருச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா, பாதிப் பேரு ஆஸ்பத்திரிக்கு வர்றதையே விட்டுட்டு மந்திரிக்கப் போயிட்டாங்க, மர்மம்னு டாக்டருங்களே கைவிட்டாச்சாம்னு பேச்சு. ஒரு காப்பித் தோட்டத்துல வேலை செய்யற அக்காவை அஞ்சாவது நாள் தூக்கிட்டு வந்தாங்க. நான் துணியை விலக்கி அக்குள், தொடையிடுக்கு எல்லாம் தேடினேன், இடது அக்குளுக்குக் கீழ பொட்டு மாதிரி ஒரு கருப்புப் பக்கு, சிகரெட் நெருப்புல சுட்ட மாதிரி இருக்கும், வலிக்காது, அரிக்காது, அதனால அவங்களுக்கே தெரியல. உண்ணிக்காய்ச்சல். புல்லுலயும் புதர்லயும் இருக்கற கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடிச்சு வர்றது. டாக்சிசைக்ளின்னு சாதாரண மாத்திரைதான், மறுநாளே காய்ச்சல் இறங்க ஆரம்பிச்சுச்சு. அந்தக் காய்ச்சல்ல ஒரு மர்மமும் இல்ல, நாங்க துணியை விலக்கிப் பாக்காததுதான். "என்ன காய்ச்சல்னு பரிசோதிக்கறாங்க"ன்னு எழுதுனா என்னண்ணே கொறஞ்சு போகும்?

இன்னொண்ணு, டீச்சர் சொன்ன பழைய அர்த்தம் எங்க வேலையில இன்னும் இருக்கு. வயசானவங்க வந்து மர்ம ஸ்தானத்துல அடிபட்டிருச்சும்மான்னு சொல்வாங்க. அங்க அந்த வார்த்தைக்குத் தெரியாததுன்னு அர்த்தமே இல்ல, மறைச்சு வைக்க வேண்டிய இடம், அடிபட்டா உயிர்போற இடம், ரெண்டுமே அதுலயே இருக்கு.

மலைச்செய்தி:
தங்கச்சி, அந்தச் செய்தி யாரு போட்டதோ, நான் அந்த வார்த்தையைக் காய்ச்சலுக்குப் போட்டிருக்கேன், மறுக்கல. தலைப்புக்கு இடம் ரெண்டு வார்த்தைதான் கொடுப்பாங்க. நீங்க சொன்ன அக்கா கதை மனசுல தைக்குது, அதை மறக்க மாட்டேன். ஆனாலும் விலங்குக்கு அந்த வார்த்தையை விட மாட்டேன்.

பூம்பாறை மலைப்பூண்டு:
எனக்கு வேதமும் தெரியாது சுஸ்ருதரும் தெரியாது. எங்க ஊர்ல மர்மம்ங்கற வார்த்தையைப் பேப்பர்ல பாத்துத்தான் தெரியும், எங்க அப்பத்தா வாயில ஒருநாளும் வந்ததில்ல. அவங்களுக்குக் காத்து கருப்பு, முனி, கன்னிமாரு, இவ்வளவுதான். ஓடைப்பக்கம் உச்சிவேளையில போகாதே கன்னிமாரு குளிக்கற நேரம்பாங்க. எனக்குப் பத்து வயசு இருக்கும், மார்கழி, பூண்டுக்காட்டுக்குக் காவலுக்கு அப்பா கூடப் போயிட்டு விடிஞ்சதும் நானும் தங்கச்சியும் வரப்பு மேல நின்னோம். முதுகுப்பக்கம் வெயில் அப்பத்தான் ஏறுது, முன்னாடி பள்ளம் பூரா மஞ்சு, பால் கொதிச்சுப் பொங்குன மாதிரி. அந்த மஞ்சுக்குள்ள ரெண்டு பேரு நிக்கறாங்க, பனைமர உசரம், கறுப்பா, அதுல ஒருத்தர் தலையைச் சுத்தி வானவில்லு மாதிரி வட்டம். நான் கை தூக்குனா அதுவும் தூக்குது. என் தலைக்குத்தான் வட்டம் இருக்குன்னேன், தங்கச்சி இல்ல என் தலைக்குத்தான் இருக்கு உனக்கு ஒண்ணுமில்லங்கறா. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே வீட்டுக்கு ஓடியாந்தோம். அப்பத்தா ரெண்டு பேரையும் உக்கார வச்சுத் திருநீறு பூசி, கன்னிமாரு வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, பயப்படாதீங்கன்னுச்சு. குழந்தை வேலப்பர் கோயில்ல மூணு வாரம் விளக்கு போட்டுச்சு.

பல வருசம் கழிச்சு ஒரு சார் சொன்னாரு, அது உங்க நிழல்தான், வெயில் முதுகுல இருந்து முன்னாடி மஞ்சு இருந்தா விழும், மஞ்சுல இருக்கற தண்ணிப்பொட்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பறப்ப வட்டம் உண்டாகும், அதைப் பாக்கறவன் தன் தலையைச் சுத்தித்தான் பாக்க முடியும், பக்கத்துல நிக்கறவன் தலைக்குத் தெரியாதுன்னாரு. ஜெர்மனியில ப்ராக்கன்னு ஒரு மலை, அந்த மலை பேர்லதான் அதைச் சொல்வாங்களாம், நம்ம கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்லயும் சிலநேரம் தெரியும்னாரு. எனக்கு அது தெரிஞ்சதுல சந்தோசம்தான். ஆனா அப்பத்தா சொன்ன வார்த்தையில எங்க பயம் அன்னைக்கே போயிருச்சு. மர்மம்னு சொல்லியிருந்தா பயம் கூடியிருக்கும். அதனால போர்டுல நம்ம ஊரு வார்த்தையா ஏதாச்சும் போடுங்கப்பா.

பொதினிப்பித்தன்:
பூண்டு அண்ணே, நீங்க சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. மர்மத்தை விட்டுத்தள்ளுங்க, நமக்கு அணங்குன்னு ஒரு வார்த்தை இருக்கு, சூர்னு ஒரு வார்த்தை இருக்கு. திருமுருகாற்றுப்படையில சூரர மகளிர், அதாவது மலையில இருக்கற தெய்வப் பொண்ணுங்க, ஆடற சோலைன்னு மலைச்சோலையைச் சொல்லியிருக்கு, உங்க அப்பத்தா சொன்ன கன்னிமாரு அவங்கதான்னு எனக்குத் தோணுது. தொல்காப்பியத்துல அச்சம் நாலு வகையால வரும்னு சொல்றப்ப முதல்ல அணங்கு, அப்புறம்தான் விலங்கு, கள்வர், அரசன். மலைச்செய்தி அண்ணே கவனிங்க, அணங்கும் விலங்கும் தனித்தனியா இருக்கு, அந்தக் காலத்துலயே மர்மம் வேற விலங்கு வேறன்னு பிரிச்சு வச்சிருக்கான். போர்டுல "அணங்குறை கல் வீடுகள்"னு போடலாம். என்ன கம்பீரமா இருக்கும்!

கோத்தகிரி பனி:
நீலகிரிக்காரன், குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அணங்கு, கன்னிமாருன்னு கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காரணம் தெரியாததுக்கு ஒரு சக்தியோட பேரைக் கொடுத்துட்டா அடுத்து அது யாரு ஏவி விட்டதுன்னு தேடுவாங்க. எங்க மலையில 19ஆம் நூற்றாண்டுல மாடு செத்தா, ஆளுக்குக் காய்ச்சல் வந்தா, குறும்பர்ங்கற பழங்குடிக்காரங்க சூனியம் வச்சுட்டாங்கன்னு சொல்லி அவங்க குடியிருப்புக்குள்ள புகுந்து கொன்ன சம்பவங்க பதிவுலயே இருக்கு. அதை மனசுல வச்சுக்கிட்டு வார்த்தையைத் தேர்ந்தெடுங்க.

செண்பகனூர் டீச்சர்:
கோத்தகிரித் தம்பி சொன்னதை எல்லாரும் ரெண்டு தடவை படிக்கணும்.

பொதினிப்பித்தன், நீங்க எடுத்த ரெண்டு வார்த்தையும் தங்கம், தமிழ்தான், எனக்கு அதுல துளி சந்தேகம் இல்ல. ஆனா அணங்குன்னா தெரியாததுன்னு அர்த்தம் இல்லப்பா. அணங்குன்னா வருத்தற சக்தி, வருத்தறதுக்கும் அதே சொல்தான். அகநானூறு 22ஆம் பாட்டை எடுத்துப் பாருங்க. "அணங்குடை நெடுவரை"ன்னுதான் ஆரம்பிக்குது, அருவி விழற மலை. அந்த மலைநாட்டான் மார்பு ஒரு பொண்ணை அணங்கிருச்சு, அவ மேல ஆசை வச்சு இளைச்சுப் போறா. அம்மாவுக்கு என்ன நோய்னு தெரியல. ஊர்க் கிழவிகள் முருகன் குத்தம்னு சொல்லி, களம் இழைச்சு, முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட வைக்கறாங்க. நர்ஸ் பொண்ணு சொன்ன மர்மக் காய்ச்சல் இதுதானே? ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி நடந்த மர்மக் காய்ச்சல். ஆனா அந்தப் பாட்டுல யாருக்கு மர்மம்? அம்மாவுக்குத்தான். அந்தப் பொண்ணுக்குத் தெரியும். தோழிக்குத் தெரியும். ராத்திரி வந்துட்டுப் போறவனுக்கும் தெரியும். நோயில மர்மம் இல்ல, கேக்க வேண்டியவளைக் கேக்கல, அவ்வளவுதான்.

இப்ப நான் நேத்து சொல்ல விட்ட காரணத்துக்கு வர்றேன். எங்க அம்மாச்சி ஜெபமாலை சொல்றப்ப சந்தோஷ தேவ ரகசியம், துக்க தேவ ரகசியம்னு சொல்லும். நாங்க இப்ப மறையுண்மைன்னு சொல்றோம். ஐரோப்பாவுல அதுக்கு இருக்கற வார்த்தை கிரேக்கத்துலேர்ந்து வந்தது, வாயையோ கண்ணையோ மூடறதுங்கற வேர்னு சொல்வாங்க. அதைத் தமிழாக்கினவங்க ரகசியம்னாங்க, மறையுண்மைன்னாங்க, ஒருத்தரும் மர்மம்னு சொல்லல பாருங்க. ஏன்னா மறைஞ்சிருந்தாலும் உண்மைன்னு அவங்க நம்புனாங்க, அந்த நம்பிக்கைக்கு ஏத்த சொல்லைத் தேடி எடுத்தாங்க. மர்மம்ங்கற வார்த்தை வந்தா இன்னைக்கு நம்ம காதுல என்ன விழுது? இதுக்கு ஒருத்தனும் பதில் சொல்லல, சொல்லவும் முடியாதுன்னு விழுது. அந்தக் கல் வீடுகளுக்கு அது பொய்.

1928லயே ஆங்லேட், நியூட்டன்னு ரெண்டு பாதிரியார்கள் பழனிமலையில இருக்கற இந்த மாதிரிக் கல் வீடுகளை, அதாவது கல்திட்டைகளைப் பத்தி எழுதுனது தொல்லியல் துறை வெளியீடா வந்திருக்கு. காப்பிக்காடு தம்பி, உங்க தாண்டிக்குடியிலயே புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துலேர்ந்து பேராசிரியர் ராஜன் வந்து தோண்டியிருக்காரு. இரும்புக்கால மனுசங்க இறந்தவங்களுக்காக எழுப்புனது. குள்ளரும் இல்ல, பூதமும் இல்ல. மூடுகல்லைச் சரிவுல உருட்டி ஏத்தி நிறுத்துன ஆளுங்க, நம்மளை மாதிரி சாவுக்கு அழுதவங்க. மர்மம்னு போட்டா அவங்க ஆளுங்களா இருந்ததே மறைஞ்சு போகும். பாட்டில் உடைக்கற பையனுக்கு மர்மம்னா இன்னும் குஷியாத்தான் இருக்கும். இங்க ஒரு அம்மாவைப் பொதச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா கொஞ்சம் தயங்குவான்.

பொதினிப்பித்தன்:
அம்மா, அகநானூறு விசயத்துல நான் வாயடைச்சுப் போயிட்டேன், அணங்கை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ராஜன் சார் பேரை எடுத்ததால ஒண்ணு கேக்கணும். அவரு பழனி அடிவாரத்துல பொருந்தல்ல தோண்டுனப்ப நாலு கால் ஜாடியில ரெண்டு கிலோ அளவுக்கு நெல்லு கிடைச்சுச்சு, அதைச் சோதிச்சதுல கி.மு. 490னு காலம் வந்துச்சு. அங்க பானை வைக்கற பிரிமனையில வய்ரன்னு தமிழிங்கற பழைய தமிழ் எழுத்துல எழுதியிருந்துச்சு. வயிரம்! மரத்துல நடுவுல இருக்கற கெட்டியான பாகத்தை வயிரம் பாஞ்ச கட்டைன்னு இன்னைக்கும் ஆசாரி சொல்றாரு. அது தமிழ் இல்லன்னு சொல்லுங்க பாப்போம்.

செண்பகனூர் டீச்சர்:
நல்ல இடத்துல பிடிச்சீங்க. வஜ்ரம் பிராகிருதத்துல வைர ஆகி நம்மகிட்ட வந்துச்சுன்னு ஒரு கட்சி, மரத்து வயிரம்தான் முதல்னு ஒரு கட்சி. நான் முதல் கட்சி, நீங்க ரெண்டாவதா இருங்க, தப்பில்ல. எந்தக் கட்சியா இருந்தாலும் அந்தப் பிரிமனையில கீறுனவன் நம்ம அடிவாரத்துக்காரன், அவன் கையெழுத்து அது. வெளியேர்ந்து வந்த சொல்லா இருந்தாலும் அவன் அதை அவனோட எழுத்துல, அவனோட பானைத் தாங்கியில எழுதிட்டான். மர்மத்தையும் அப்படித்தான் பாக்கறேன், அதனாலதான் வடசொல்ங்கற காரணத்துக்காக விரட்டாதீங்கன்னேன். "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா"ன்னு தொல்காப்பியர் சொல்லிட்டுப் போயிருக்காரு, ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள்னு பளிச்சுன்னு தெரியாதுங்கறாரு. இல்லவே இல்லன்னு சொல்லல, பளிச்சுன்னு தெரியாதுன்னுதான் சொன்னாரு. அதான் நாம இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம்.

தாண்டிக்குடி காப்பிக்காடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி பசங்க எல்லாரும் உக்காந்து இதை ஒருத்தர் படிக்க மத்தவங்க கேட்டோம். பெயிண்டர் அண்ணன் ஈரத்துணியால மர்மத்தை அழிச்சுட்டாரு. இப்ப எழுதப் போறது இது, பாத்துச் சொல்லுங்க:

"குள்ளர் குகை என்று ஊரார் சொல்லும் கல்திட்டைகள். இரும்புக்காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. மேலே ஏறாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்."

செருப்பு விசயம் பெயிண்டர் அண்ணன் சேத்தது. அவங்க அம்மா போன வருசம்தான் தவறுனாங்க.

மலைச்செய்தி:
குள்ளர்ங்கற வார்த்தையை எடுத்துருங்க தம்பி, டீச்சரம்மாவே குள்ளர் இல்லன்னுட்டாங்களே, அப்புறம் எதுக்கு.

செண்பகனூர் டீச்சர்:
வேண்டாம் சார், இருக்கட்டும். ஊரார் சொல்லும்னு போட்டிருக்காங்க இல்ல, அது போதும், பாட்டிங்க வச்ச பேரு. தம்பி, "கழற்றிவிட்டு" எழுதறப்ப பெரிய றகரம் போடச் சொல்லுங்க, போன தடவை ஸ்கூல் சுவர்ல சின்ன ரகரம் போட்டுட்டாரு.

தாண்டிக்குடி காப்பிக்காடு:
சரிங்க டீச்சர். காலையில ஏழு மணிக்கு வர்றாரு, பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்.